வாய்க்கால் கரையும் வலைப்பின்னலும்: பூங்கா இணைப்புப் பாதைகள் ஓர் எளிய விளக்கம்

போன ஆண்டு என் பெரியப்பா தஞ்சைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தார். ஆயுள் முழுக்க நெல் விவசாயம் பார்த்தவர். அடுக்குமாடி வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாமல் தவித்தவரை மறுநாள் விடிந்ததும் காலாங் ஆற்றோரம் நடக்க அழைத்துப்போனேன். ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் தூங்குமூஞ்சி மரங்கள், நடுவே நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்குமாகச் சீரான பாதை. இதற்குப் ‘பூங்கா இணைப்புப் பாதை’ என்று பெயர் எனச் சொன்னேன்.

பத்து நிமிடம் பேசாமல் நடந்துவிட்டு, “இது வாய்க்கால் கரைதானே தம்பி? இதற்கு எதற்கு இத்தனை பெரிய பெயர்?” என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பெரிய பெயரில் ‘பூங்கா’, ‘பாதை’ என்ற இரண்டு சொற்களையும் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் இருக்கும் ‘இணைப்பு’ என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். இவற்றை நீளமான பூங்கா என்று நினைப்பவர்கள் உண்டு. மிதிவண்டிக்கான சாலை என்று நினைத்து, நடப்பவர்களைப் பார்த்து மணியடித்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. செய்திகளில் இவை கிலோமீட்டர்களாக மட்டுமே வருகின்றன: இத்தனை முடிந்தது, 2030-க்குள் 500 கிலோமீட்டர் இலக்கு. அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள முடியாது.

கதவில்லாத வீடு

நான்கு அறைகள் கொண்ட ஒரு வீடு. ஒவ்வோர் அறையும் அழகானது. ஆனால் அறைகளுக்கு இடையே கதவில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போக வேண்டுமென்றால் தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் நாம் ஒரே அறையில் முடங்கிவிடுவோம். பல நகரங்களின் பூங்காக்கள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. உள்ளே பசுமை; வாசலைத் தாண்டினால் ஆறுவழிச் சாலை.

இங்கே நான்கு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். நடப்பதற்கும் மிதிவண்டி ஓட்டுவதற்கும், மோட்டார் வாகனங்களிலிருந்து ஒதுக்கி, மரஞ்செடிகளோடு நீளவாக்கில் அமைத்த நிலப்பட்டைக்குப் பசுமைவழி என்று பெயர். இரண்டு பூங்காக்களைத் தொடுக்கும் பசுமைவழியே பூங்கா இணைப்புப் பாதை. பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைக் கணு என்போம், கரும்பின் கணுவைப் போல. கணுக்களும் அவற்றுக்கு இடையேயான பாதைகளும் சேர்ந்ததுதான் வலைப்பின்னல்.

கடைமடைக் கணக்கு

கதவு உவமை ஓரளவுக்குத்தான் உதவும். பெரியப்பாவின் வாய்க்கால் அதைவிடப் பொருத்தமானது. பத்துக் கிலோமீட்டர் வாய்க்காலில் ஒன்பது கிலோமீட்டரை வெட்டி முடித்து, நடுவில் ஒரு கிலோமீட்டரை விட்டுவிட்டால் கடைமடைக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? பத்தில் ஒன்பது பங்கா? ஒரு சொட்டுக்கூட வராது. வெட்டிய நீளத்தைக் கேட்டால் தொண்ணூறு விழுக்காடு. கடைமடை விவசாயியைக் கேட்டால் பூஜ்யம். இரண்டும் உண்மை. எது தேவையான உண்மை என்பது அவரவர் வயல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

பாதைகளிலும் இதே கணக்குதான். ஐந்து பூங்காக்கள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தொடுக்க நான்கு பாதைகள் வேண்டும். நான்கும் இருந்தால் எந்தப் பூங்காவிலிருந்தும் எந்தப் பூங்காவுக்கும் போகலாம்; ஜோடி ஜோடியாக எண்ணிப் பார்த்தால் பத்து ஜோடிகள். இப்போது இரண்டாவது பூங்காவுக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலுள்ள பாதை மட்டும் இல்லை என்று கொள்வோம். இந்தப்புறம் இரண்டு பூங்காக்கள், ஒரு ஜோடி. அந்தப்புறம் மூன்று பூங்காக்கள், மூன்று ஜோடிகள். மொத்தம் நான்கு. இழந்தது நான்கில் ஒரு பாதை. காணாமல் போனதோ பத்தில் ஆறு பயணங்கள். இப்படி விட்டுப்போன துண்டுக்கு விடுபட்ட இணைப்பு என்று பெயர்.

துண்டு முழுவதும் விடுபட வேண்டும் என்பதுகூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளையோடு மிதிவண்டியில் கிளம்பும் ஒரு தாய், வழி முழுவதும் சராசரியாக எவ்வளவு பாதுகாப்பானது என்று கணக்குப் பார்ப்பதில்லை. வழியிலேயே மிக மோசமான சந்திப்பு எது என்றுதான் பார்ப்பார். அந்த ஓர் இடம் பயமுறுத்தினால் மிச்சமுள்ள ஆறு கிலோமீட்டர் நிழல் அவருக்குப் பயன்படாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பாதையின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வலைப்பின்னல் ஆகிவிடாது. எத்தனை இடங்களிலிருந்து எத்தனை இடங்களுக்கு இடைமுறியாமல் போக முடிகிறது என்பதே அதன் அளவு.

இடமில்லாத ஊரில் இடம்

சிங்கப்பூர் சற்றேறக்குறைய 735 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. சாலைகளே அதில் சுமார் 12 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன. வீடு, தொழிற்சாலை, விமான நிலையம், நீர்த்தேக்கம், ராணுவப் பயிற்சி நிலம் என்று ஒவ்வொன்றும் மிச்சத்துக்குப் போட்டியிடும் இடத்தில், 1991-இல் தீவு முழுவதும் பூங்காக்களைத் தொடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நிலம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் புதிதாக வாங்கவில்லை. ஏற்கெனவே சும்மா கிடந்ததைக் கவனித்தார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பெருமழை பெய்யும் தீவு ஆதலால் கால்வாய்கள் எங்கும் ஓடுகின்றன. ஒவ்வொரு கால்வாயின் கரையிலும் தூர்வாரும் வண்டி போவதற்காகவும் பிற்காலத்தில் அகலப்படுத்துவதற்காகவும் ஒரு பட்டை நிலத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். இதுதான் வடிகால் ஒதுக்குநிலம். யாரும் அங்கே வீடு கட்ட முடியாது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அங்கே யாருக்கும் வேலையும் இல்லை. புல் வெட்டுபவரும் பாம்பும்தான் அதைப் பயன்படுத்தினார்கள். அதே நிலத்தில் நான்கு மீட்டர் அகலத்துக்குப் பாதையும் இரண்டு மீட்டருக்கு மரஞ்செடியும் வைத்தால் கால்வாய்க்கு எந்தக் குறையும் இல்லை. சாலையோர ஒதுக்குநிலங்களிலும், பெருவிரைவு ரயிலின் மேம்பாலங்களுக்கு அடியிலும் இதே வழியைக் கையாண்டார்கள்.

கால்வாய்க்கு இன்னொரு வசதியும் உண்டு. தண்ணீர் எங்கும் நின்றுவிடாமல் கடல்வரை ஓட வேண்டும் என்பதால் அதன் கரையும் இயல்பாகவே தொடர்ச்சியானது, ஏற்ற இறக்கம் குறைவானது. வலைப்பின்னலுக்கு வேண்டிய முதல் குணம் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. நடைமுறையில் கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. மரமும் பாதையும் தேசியப் பூங்காக் கழகத்துடையவை. கடக்க வேண்டிய சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. ஒரே துண்டு நிலத்தைப் பற்றி இத்தனை அலுவலகங்கள் ஒத்துப்போக வேண்டும். வேர் கரையை உடைக்காத மரம் எது, தூர்வாரும் வண்டி எந்த வழியாக வரும், விளக்குக்கு மின்கட்டணம் யார் கணக்கில் என்பவை போன்ற கேள்விகளில்தான் எந்த நாட்டிலும் பசுமைவழித் திட்டங்கள் மூச்சடைத்து நிற்கின்றன. சிமெண்டு போடுவது கடைசி வேலை, சுலபமான வேலையும்கூட.

மூத்த பிள்ளையின் முழங்கால்

முதல் இணைப்புப் பாதை 1995-இல் முடிந்தது. பீஷான்–அங் மோ கியோ பூங்காவிலிருந்து காலாங் ஆற்றங்கரைப் பூங்கா வரை, ஆற்றை ஒட்டியே போகும் பாதை. பெரியப்பாவோடு நான் நடந்தது இதில்தான். காலாங் பத்துக் கிலோமீட்டர் நீளம் கொண்டது; தீவின் மிக நீளமான இயற்கை ஆறு. ‘இயற்கை’ என்று சொன்னாலும் வெள்ளத்துக்குப் பயந்து அதன் பெரும்பகுதியைக் கான்கிரீட்டுக்குள் அடைத்துவிட்டிருந்தார்கள். பீஷான் பூங்காவில் மட்டும் அந்தச் சிறையை உடைத்தார்கள். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக இருந்தது, 2012-இல் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து நெளியும் ஆறாகத் திரும்பி வந்தது. மழை வலுத்தால் பூங்காவின் புல்வெளியே ஆற்றின் படுகையாகிவிடும். மக்கள் மேட்டில் ஏறி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அங்கிருந்து ஆற்றோடு தெற்கே வாருங்கள். நிழல், நாரை, மெதுவோட்டம் ஓடுபவர்கள் என்று எல்லாம் சுகமாகப் போகும், சாலை குறுக்கிடும் வரை. ஆறு சாலைக்கு அடியில் புகுந்து போய்விடும். நாம் போக முடியாது. தீவு விரைவுச்சாலை குறுக்கிடும் இடத்தில் மிதிவண்டிக்காரர்கள் இறங்கி, வண்டியை நடைமேம்பாலத்தில் தள்ளிக்கொண்டு ஏறி இறங்க வேண்டியிருந்தது. இளைஞர்களுக்கு அது சிறு தொல்லை. முழங்கால் தேய்ந்தவருக்கும், பின்னால் பிள்ளையை உட்கார வைத்திருப்பவருக்கும் பயணம் அங்கேயே முடிந்துபோகும்.

நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017-இல் காலாங் ஆற்றோரத்துக்கான யோசனைகளை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, அவற்றில் முக்கியமானவை இந்த மூட்டுகளைப் பற்றியவை: விரைவுச்சாலையை ஏறி இறங்காமல் கடக்க மிதிவண்டிப் பாலம், சாலைகளுக்கு அடியில் சுரங்கப் பாதைகள். வரைபடத்தில் பார்த்தால் கடுகளவு. செலவோ, அதே நீளத்துக்கு ஆற்றங்கரையில் பாதை போடுவதைவிடப் பன்மடங்கு. முதல் பாதை திறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் பேசவேண்டியிருந்தது மூட்டுகளைப் பற்றித்தான். இந்தத் துறையில் எல்லா ஊரிலும் சுலபமான கிலோமீட்டர்கள் முதலில் முடிந்துவிடும். கடினமான மீட்டர்கள் கடைசிவரை காத்திருக்கும்.

ரயில் விட்டுப்போன தடம்

வாய்க்காலைப் போலவே தொடர்ச்சியாகக் கிடைக்கும் இன்னொரு நிலம், கைவிடப்பட்ட ரயில் தடம். ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே தடம் எப்போதும் மெல்லிய சரிவிலேயே போகும். சாலைகளையும் ஆறுகளையும் கடக்கப் பாலங்களை ஏற்கெனவே கட்டியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நீண்ட நிலம் ஒரே உரிமையாளரின் கையில் இருக்கும். நூறு பேரிடம் நூறு துண்டாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் தடம் மலாயா ரயில்வேயின் வசம் இருந்தது. தனிநாடு ஆன பிறகும் தீவின் நடுவே அண்டை நாட்டின் ரயில் நிலம் ஓடிக்கொண்டிருந்தது ஒரு விசித்திரம்தான். கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு கிளம்பியது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம், இதைத் துண்டு போட்டு விற்காமல் முழு நீளத்துக்கும் பசுமைத் தடமாக வைத்திருக்க வேண்டும் என்று யோசனை கொடுத்திருந்தது. நிலமதிப்பு இவ்வளவு உயர்ந்த ஊரில் அது எடுபட்டது எனக்கு இன்றும் வியப்பு. புக்கிட் தீமாவின் பழைய இரும்புப் பாலங்கள் இரண்டும் இன்று நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் உரியவை.

துண்டு போட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா அனுபவத்தில் கற்றது. அங்கே ரயில் நின்றதும் பல இடங்களில் தடத்து நிலம் பக்கத்து நிலக்காரர்களிடம் போய்விடும். ஒருமுறை சிதறினால் திரும்பக் கோர்ப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே 1983-இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள்: எதிர்காலத்தில் ரயில் திரும்ப வரக்கூடும் என்ற அடிப்படையில் தடத்தை அப்படியே பாதுகாக்கலாம், அதுவரை மக்கள் அதில் நடக்கலாம். தண்டவாளத்தைவிடத் தொடர்ச்சிக்கு மதிப்பு அதிகம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாக இதை நான் பார்க்கிறேன்.

ஆக, கால்வாயோரமோ ரயில் தடமோ, தேடுவது ஒன்றையே: இடைமுறியாமல் நீளும், வேறொன்றுக்காக ஒதுக்கியிருந்தாலும் நமக்கும் இடம் தரும் நிலம். அது சாலையைச் சந்திக்கும் மூட்டுகளில்தான் பணமும் சாமர்த்தியமும் தேவை.

தெரியாத பாதை, இல்லாத பாதை

பாதை போட்டாயிற்று, ஜனங்கள் வருவார்களா? வழி தெரிந்தால்தான் வருவார்கள். இதில் நான் மிகவும் ரசிக்கும் யோசனை பெல்ஜியத்தின் லிம்பர்க் மாநிலத்தில் பிறந்தது. ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இருட்டில் வழி தவறாமலிருக்க ஒவ்வொரு சந்திப்புக்கும் எண் கொடுக்கும் வழக்கத்தை நினைத்துப் பார்த்தார். 1995-இல் அதே முறை மிதிவண்டிப் பாதைகளுக்கு வந்தது. ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண். அடுத்த கணுக்களின் எண்களும் அம்புக்குறியோடு இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு சீட்டில் நான்கைந்து எண்களை எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் போதும். ஊர்ப்பெயர் தெரிய வேண்டாம், கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தாலும் கவலையில்லை. நெதர்லாந்து இதைப் பிடித்துக்கொண்டு நாடு முழுவதும் பரப்பியது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது: பாதைகளுக்குப் பெயரும் கதையும் கொடுத்தது. 2019-இல் திறந்த ‘கரையிலிருந்து கரைக்கு’ நடைபாதை ஜூரோங் ஏரித் தோட்டத்தில் தொடங்கி வடகிழக்கே கோனி தீவுப் பூங்கா வரை 36 கிலோமீட்டர் நீள்கிறது. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த பூங்காக்களும் இணைப்புப் பாதைகளும்தான். ஒரு பெயரும் வழிகாட்டிப் பலகைகளும் சேர்ந்ததும், தன் வீட்டருகே இருந்த துண்டை மட்டுமே அறிந்திருந்தவர்கள் தீவைக் குறுக்காக நடந்து பார்க்கக் கிளம்பினார்கள். இருந்தாலும் பெல்ஜியத்தின் எண்பலகைக்கே என் ஓட்டு. பெயர் ஒரே ஒரு வழியைத்தான் சொல்லித்தரும். எண்கள் நமக்கு வேண்டிய வழியை நாமே கட்டிக்கொள்ள விடும்.

ஒரே பாதை, பலவகைக் கால்கள்

வெற்றி பெற்ற பாதைக்கு வரும் நோய் கூட்டம். தவழும் குழந்தை, நடைவண்டிப் பாட்டி, ஓட்டப் பயிற்சிக்காரர், உணவு கொண்டுபோகும் இளைஞர் எல்லோருக்கும் அதே நான்கு மீட்டர். பூங்கா இணைப்புப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். சாதாரண நடைபாதையில் 10. மின்ஸ்கூட்டர்கள் 2019 நவம்பர் முதல் நடைபாதைகளில் ஓடக் கூடாது. விதிகள் பலகையில் இருக்கின்றன. முந்துவதற்கு முன் மணியடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது.

விலங்குகளுக்கும் இவை வழி ஆகுமே என்று பலர் நினைப்பதுண்டு. பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஓரளவு ஆகும். காட்டு விலங்குக்கு விளக்கும் மனிதச் சத்தமும் உள்ள பாதை கதவு ஆகாது. 1980-களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை ஒரு காட்டை இரண்டாகப் பிளந்தது. அதைத் தைக்க 2013-இல் 62 மீட்டர் நீளத்தில், சாலைக்கு மேலே மண் நிரப்பி மரம் நட்ட தனிப் பாலம் கட்டினார்கள். எறும்புதின்னிக்கும் மரநாய்க்கும் உரிய பாலம் அது. பொதுமக்கள் நடப்பதற்கு அல்ல.

வட்டம்

முன்பு போட்ட ஐந்து பூங்காக் கணக்கை மறந்திருக்க மாட்டீர்கள். வரிசையாக நான்கு பாதைகள் இருந்தபோது ஒன்று அறுந்தாலும் சங்கிலி இரண்டானது. கடைசிப் பூங்காவையும் முதல் பூங்காவையும் தொடுத்து ஐந்தாவது பாதை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வட்டம் ஆகிவிட்டது. இப்போது எந்த ஒரு பாதை அறுந்தாலும், மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு எந்தப் பூங்காவுக்கும் போகலாம். பத்து ஜோடிகளும் அப்படியே இருக்கும். ஒரு பகுதியைப் பழுதுபார்க்க மூடினாலும் வலைப்பின்னல் செத்துப்போகாது. போனவழியே திரும்பும் அலுப்பும் இல்லை. வட்டப்பாதை என்று இதைச் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரின் முதல் வட்டப்பாதை 2007-இல் கிழக்கில் திறந்தது: ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி கடற்கரை, பாசிர் ரிஸ், பிடோக் நீர்த்தேக்கம் ஆகிய இடங்களைத் தொடுத்து 42 கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். இப்போது தீவின் வேறு பகுதிகளிலும் வட்டங்கள் இருக்கின்றன. தீவையே சுற்றிவரும் 150 கிலோமீட்டர் வட்டத்துக்கும் பணி நடக்கிறது.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் பெரியப்பாவை ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அழைத்துப்போய், வரைபடப் பலகையில் இந்தக் கிழக்கு வட்டத்தைக் காட்டினேன். விரலால் கோட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“இதில் கடைமடை எது?”

“வட்டத்துக்குக் கடைமடை கிடையாது, பெரியப்பா.”

சற்று யோசித்தார். “அப்படியானால் முறைவைத்துத் தண்ணீர் விடும் சண்டையும் கிடையாது” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் தேநீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.